ஆறாவது பாடம்

பல்கலைக்கழகத்தில் பாடச் சுமைச் சீரமைப்புப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிர்வாகக் கட்டடத்தில், மூன்றாம் மாடியில், கழிப்பறைக்கு நேர் எதிரே. மாணவர்களின் முதுகு ஒடிந்துவிடக் கூடாதே என்ற நல்ல எண்ணத்தில் நாலு வருடத்துக்கு முன்னால் அதை ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை ஒருவருக்கும் ஒரு பாடமும் குறைந்ததாகத் தகவல் இல்லை. ஆனால் பிரிவுக்கு ஒரு கவுன்ட்டர், நாலு நாற்காலி, ஒரு மின்விசிறி, சுவரில் ஒரு வாசகம் எல்லாம் கிடைத்துவிட்டன. வாசகம் இது: 'உன் சுமை எங்கள் அக்கறை.'

சின்னவள் அந்த வாசகத்துக்குக் கீழே போய் நின்றது பருவம் தொடங்கிய மூன்றாவது வாரம், ஒரு திங்கட்கிழமை. வீட்டில் இரண்டாவது பெண் என்பதால் அவள் சின்னவள். பெரியவள் கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். போனில் மட்டும் ரொம்ப அக்கறையாக இருப்பாள்.

சின்னவளுக்கு அந்தப் பருவத்தில் ஆறு பாடங்கள். ஐந்தில் பிரச்சினை இல்லை. ஆறாவது பாடத்தின் பெயர் 'நிர்வாகத் திறன்: ஓர் அறிமுகம்.' செவ்வாய், வியாழன், மதியம் இரண்டிலிருந்து நாலு. அதே செவ்வாய், வியாழன், அதே இரண்டிலிருந்து நாலு, அவளுடைய அப்பாவின் வலது கைக்கு ஆஸ்பத்திரியில் பயிற்சி.

அப்பா வயர்மேன். முப்பது வருடமாக அடுத்தவர் வீட்டுச் சுவருக்குள் மின்கம்பி இழுத்தவர். விடுமுறை முடிகிற வாரத்தில் ஒரு நாள் ஏணியிலிருந்து இறங்கி, "கை ஒரு மாதிரி இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தார். எழுந்திருக்க நாலு பேர் வேண்டியிருந்தது. பக்கவாதம். பேச்சு ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. கால் இழுத்துக்கொண்டே வந்தது. கை மட்டும் வரவில்லை.

பயிற்சி தருகிற பெண்மணி ஒளிவுமறைவு இல்லாதவர். "மூணு மாசம்தான் டைம். அதுக்குள்ள எவ்வளவு வருதோ அதுதான் கை. அதுக்கப்புறம் வர்றதெல்லாம் கொசுறு. மூணு தடவை வராம இருந்தீங்கன்னா உங்க இடத்தை அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்க. வரிசை நீளமா இருக்கு" என்றார்.

முதல் இரண்டு வாரம் பக்கத்து வீட்டு அத்தை கூட்டிக்கொண்டு போனார். பிறகு அத்தையின் மகளுக்குப் பிரசவம் நெருங்கிவிட, அத்தை கிளம்பிவிட்டார். அம்மாவுக்கு அட்டைப்பெட்டி கம்பெனியில் பகல் ஷிஃப்ட். வாரத்தில் இரண்டு மதியம் லீவு கேட்டால் மூன்றாவது மதியத்திலிருந்து வரவே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். மிச்சம் இருந்தது சின்னவள்.

கவுன்ட்டரில் இருந்த கிளார்க்கின் மூக்குக்கண்ணாடி ஒரு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து மாட்டிக்கொண்டு, "சேர்க்கணுமா, குறைக்கணுமா?" என்றார்.

"குறைக்கணும் மேடம். ஒரே ஒரு பாடம்."

"சேர்க்கறதுன்னா ஒரு பக்கம். இப்பவே சீல் போட்டுத் தந்துடுவேன்."

"குறைக்கத்தான் மேடம்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

கிளார்க் வருத்தத்தோடு கீழே குனிந்து ஒரு காகிதக் கட்டை எடுத்தார். பதினோரு பக்கம். நான்காம் பக்கத்தில் காரணம் கேட்டிருந்தது. மூன்றில் ஒன்றை 'டிக்' செய்ய வேண்டும். சர்வதேச விளையாட்டுப் போட்டி. நீதிமன்றக் காவல். மாணவரின் மரணம்.

"அப்பாவுக்கு உடம்பு சரியில்லைங்கறது இதுல இல்லையே மேடம்."

"அப்பா உடம்பு அப்பாவோடதும்மா. நாங்க மாணவர் சுமையை மட்டும்தான் பார்க்கறோம்."

சின்னவள் மறுபடி மூன்றையும் படித்தாள். "மாணவர் இறந்துட்டா இதுல யார் மேடம் கையெழுத்துப் போடுவாங்க?"

"மாணவர்தான்" என்றார் கிளார்க். "மாணவர் கையெழுத்து இல்லாம எந்தப் பாரத்தையும் நாங்க கையால தொட மாட்டோம்."

கேலி எதுவும் இல்லை. அந்த அம்மாள் நிஜமாகவே உதவத்தான் பார்த்தார். ஓரத்தில் விரற்கடை அகலத்துக்கு வெள்ளை இடம் இருக்கிறது, அதில் பொடி எழுத்தில் காரணத்தை எழுதிக்கொள், மேலிடத்துக்குக் கண் தெரிந்தால் படிப்பார்கள் என்று வழி சொன்னார். சின்னவள் எழுதினாள்.

இங்கே அந்த ஆறாவது பாடத்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அந்த வகுப்பு நடப்பதில்லை.

அறை இருந்தது. பெஞ்சுகள் இருந்தன. ஏழு மாணவர்கள் இருந்தார்கள். ஆசிரியர் மட்டும் முதல் நாளிலிருந்தே வரவில்லை. கரும்பலகையில் யாரோ அழகான கையெழுத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று சுற்றிக் கட்டம் போட்டு வைத்திருந்தார்கள்: 'ஆசிரியர் அலுவல் பணியில் உள்ளார். மாணவர்கள் தாமே கற்றுக்கொள்ளவும்.' வாசலில் கட்டைவிரல் வைக்கும் இயந்திரம் இருந்தது. இரண்டு ஐந்துக்கு ஒரு முறை, மூன்று ஐம்பத்தைந்துக்கு ஒரு முறை. நடுவில் ஆஸ்பத்திரிக்கு ஓடிவிட்டு வரலாம் என்றால் பஸ்ஸில் போக நாற்பது நிமிடம், வர நாற்பது நிமிடம். பருவம் முழுவதற்கும் நாலு நாள் வராமல் இருக்கலாம். ஐந்தாவது நாள் வரவில்லையென்றால் பாடம் தோல்வி. ஒரு பாடம் தோற்றால் அந்த வருடத்தையே திரும்பப் படிக்க வேண்டும்.

"வராத வாத்தியாருக்கு எதுக்குடி லீவு கேட்டு மனு போடற?" என்றாள் பக்கத்து பெஞ்சுக்காரி. அவளுக்குப் பட்டப்பெயர் தூக்கம். அந்த வகுப்பில் ஏதாவது உருப்படியாகச் செய்தவள் அவள் ஒருத்திதான்.

"மெஷின் இருக்கே" என்றாள் சின்னவள்.

"ஆமா, அது ஒண்ணுதான் ஒழுங்கா வருது" என்று சொல்லிவிட்டு தூக்கம் கையில் தலையை வைத்துக்கொண்டாள்.

மூன்றாவது, நான்காவது வாரங்களில் சின்னவள் தன் நாலு நாளையும் செலவழித்தாள். அப்பாவைப் பிடித்து, பஸ் ஏற்றி, இறக்கி, பயிற்சி மேசைக்கு முன்னால் உட்கார வைத்தாள். அவர் மரக்குச்சிகளை ஒரு பலகையின் ஓட்டைகளில் சொருக வேண்டும். நாலாவது நாள் ஒரு குச்சி சொருகினார். "பெரிய லைன் இழுத்துட்டேன் போ" என்றார். அதற்குள் அவளுடைய நாலு நாளும் தீர்ந்துவிட்டன.

படிவத்தின் ஏழாம் பக்கத்தில் கல்வி ஆலோசகர் கையெழுத்து வேண்டும். ஆலோசகருக்கு நானூற்றுப் பன்னிரண்டு மாணவர்கள். அவருடைய மேசைமேல் காகிதங்கள் அவர் முகவாய் வரை ஏறியிருந்தன. அதற்கு மேலே தெரிந்த கண்களால் சின்னவளை நிதானமாகப் பார்த்தார்.

"உன் முகத்தைப் பார்த்தா சுமை இருக்கற மாதிரி தெரியலையேம்மா."

"இருக்குங்க சார்."

"அழுதியா?"

"இல்லீங்க சார்."

"அழுதிருந்தா நான் குறிச்சுக்கலாம். அதுக்குன்னு ஒரு கட்டம் இருக்கு." அவர் பேனாவைக் கீழே வைத்தார். "நானும் சுமை குறைக்கச் சொல்லி மனு போட்டேன். மூணு வருஷம் ஆச்சு. என்ன பண்ணாங்க தெரியுமா? சுமை அதிகமா இருக்கறவருக்குத்தான் சுமைன்னா என்னன்னு தெரியும்னு சொல்லி, என்னையும் சுமைச் சீரமைப்புக் குழுவுல மெம்பராப் போட்டுட்டாங்க. இப்ப அதுவும் சேர்ந்துடுச்சு."

"என் பாரத்துல கையெழுத்து சார்."

"மூணு தடவை ஆலோசனைக்கு வந்திருக்கணும். அதுக்கு ஒதுக்கின நேரம் செவ்வாய், வியாழன், ரெண்டுலேர்ந்து நாலு."

"அப்ப எனக்கு வகுப்பு இருக்குங்க சார்."

"வகுப்பை விட்டுட்டு வரக் கூடாது."

"அப்ப எப்படி சார் வர்றது?"

"அதனாலதான் யாரும் வர்றதில்ல" என்றார் ஆலோசகர், பெருமூச்சோடு. அவர் கெட்டவர் இல்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அவள் மூன்று முறை வந்ததாகவே எழுதிக் கையெழுத்துப் போட்டார். "முதல் தடவை நேர நிர்வாகம் பத்திப் பேசினோம். ரெண்டாவது தடவை நேர்மை பத்தி. மூணாவது தடவை நீ ரொம்பத் தெளிவாயிட்ட. யாராவது கேட்டா இதையே சொல்லிடு."

எட்டாம் பக்கத்துக்குச் சுமை மதிப்பீட்டு மையத்தின் சான்று வேண்டும். மையம் என்பது ஒரு நீள அறை. நூற்றெண்பது கேள்விகள், ஒன்றரை மணி நேரம். 'சென்ற வாரம் எத்தனை முறை பெருமூச்சு விட்டீர்கள்? அவற்றில் நீண்டவை எத்தனை?' 'உங்கள் சுமையை ஒரு விலங்குடன் ஒப்பிடுக.' சின்னவள் ஒரு மணி பத்து நிமிடத்தில் எழுதி முடித்தாள். அப்பாவைக் குளிக்க வைக்க வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது.

அதிகாரி தாளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று கை கொடுத்தார். "நூத்துக்குப் பதினேழுதான் உங்க சுமை. எவ்வளவு வேகமா முடிச்சிருக்கீங்க! உங்களுக்குத் தாங்கற சக்தி மிச்சமா இருக்கு."

"முடிக்காம விட்டிருந்தா சார்?"

"முடிக்காதவங்களுக்குச் சுமை அதிகமா இருக்க வாய்ப்பு இருக்கு. ஆனா முடிக்காத தாளை நாங்க திருத்தறதில்ல."

மிச்சமாக இருக்கும் சக்தி வீணாகக் கூடாது என்பது மையத்தின் கொள்கை. எனவே சின்னவளுக்கு 'சுமை தாங்கும் கலை' என்ற ஒரு பாடம் சிபாரிசு செய்யப்பட்டது. சனிக்கிழமை காலை. அதில் சேர்ந்தால்தான் குறைப்பு மனு அடுத்த கட்டத்துக்கு நகரும். சேர்வதற்கு ஒரே பக்கம். சங்கிலிக் கண்ணாடிக்காரர் மலர்ந்த முகத்தோடு அங்கேயே சீல் போட்டுக் கொடுத்தார்.

ஆறு பாடம் ஏழானது. சனிக்கிழமை காலைகளில் கண்ணை மூடிக்கொண்டு, தலைமேல் ஒரு மலை இருப்பதாகவும் அது பஞ்சால் ஆனதாகவும் நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். சின்னவள் நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் அப்பா ஐந்தாவது வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகவில்லை. ஆறாவது வாரம் இன்னொரு நாள். மற்ற நாட்களில் அம்மா யார் யாரையோ கெஞ்சி அனுப்பிவைத்தாள். இன்னும் ஒரு நாள் தவறினால் இடம் போய்விடும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

அதே நாள் பெரியவளும் போன் பண்ணினாள். "ஏண்டி, நேரா போய் பெரியவங்களப் பாத்துப் பேசினா ஒரு நிமிஷ வேலை. நீ வாயே தொறக்க மாட்ட. நான் வந்தேன்னா ஒரு புடி புடிச்சுடுவேன்."

"வாயேன்க்கா."

"எனக்கெங்க நேரம்? இங்க உன் மாமாவுக்கு மூணு நாளா இருமல்."

போனை வைத்துவிட்டுச் சின்னவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அப்பா கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். "மரத்துப்போனது என் கைதானே. நீ ஏன்டா இப்படி உக்காந்திருக்க? கோவமாவது வரட்டுமே."

"வரலப்பா."

"உங்க அம்மாகிட்ட கொஞ்சம் கடன் வாங்கிக்க. அவகிட்ட நிறைய இருக்கு."

"காதுல விழுது" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

ஏழாவது வாரம், செவ்வாய், இரண்டரை மணிக்குக் குழு அவளைக் கூப்பிட்டது. நாலு நாளும் தீர்ந்துவிட்டதே, வகுப்புக்குப் போவதா குழுவுக்குப் போவதா என்று கிளார்க்கிடம் கேட்டாள். "அதைக் குழுவுலயே கேளு" என்றார் கிளார்க்.

நீள மேசை. ஐந்து பேர். கடைசி நாற்காலியில் ஆலோசகர் கண்ணைத் திறந்துகொண்டு உறங்கிக்கொண்டிருந்தார். நடுவில் தலைவர். சின்னவள் அவர் முகத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் அவருக்கு முன்னால் இருந்த பெயர்ப்பலகையைப் படித்ததும் நின்றுவிட்டாள். அந்தப் பெயரை ஏழு வாரமாகக் கால அட்டவணையில், ஆறாவது பாடத்துக்கு நேரே பார்த்து வருகிறாள். செவ்வாய், வியாழன், இரண்டிலிருந்து நாலு, அவர் எங்கே இருக்கிறார் என்று இப்போது தெரிந்தது.

"நிர்வாகத் திறன் பாடத்தைத்தான் விடணுங்கறியா?" என்றார் தலைவர், கொஞ்சம் மனம் நொந்த குரலில். "என் வகுப்புல உனக்கு என்ன குறை?"

"நீங்க வந்ததில்லீங்க சார்."

"அது சரி. வகுப்பு நடக்குதா, இல்லையா? பசங்க வர்றாங்களா?"

"வர்றாங்க சார்."

"நேரத்துக்குப் போறாங்களா?"

"போறாங்க சார்."

"நான் இருக்கேனா?"

"இல்லீங்க சார்."

தலைவர் மற்ற நால்வரையும் பார்த்து இரண்டு கையையும் விரித்தார். "பார்த்தீங்களா! ஆளே இல்லாம ஒரு காரியத்தை நடத்திக் காட்டறதுதான் நிர்வாகத் திறன். இதைவிட எப்படிப் பாடம் எடுக்க முடியும்? நான் நேர்ல வந்து சொல்லியிருந்தா வெறும் தியரி ஆகியிருக்கும்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் குறித்துக்கொண்டார்.

"இன்னொண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்கம்மா. ஏழு பேர் இருந்தாத்தான் ஒரு பாடத்தை நடத்தலாம். நீ போயிட்டா ஆறு. பாடம் ரத்து. பாடம் ரத்தாயிட்டா எனக்கு வாரத்துல நாலு மணி நேரம் சும்மா. சும்மா இருக்கற ஆளைக் குழுவுக்குத் தலைவராப் போட முடியாதுன்னு விதி இருக்கு. நான் இல்லைன்னா குழு இல்லை. குழு இல்லைன்னா உன்னை மாதிரி பிள்ளைங்களோட சுமையை யார் பார்ப்பா? அதனால நீ அந்த வகுப்புல இருக்கறது யாருக்காக? உனக்காகத்தான்!"

அவருடைய கண் லேசாகக் கலங்கியிருந்தது. சின்னவளுக்குத்தான் ஒன்றும் கலங்கவில்லை. அப்பாவின் கையைப் பற்றி, மூன்று மாதத்தைப் பற்றி, இன்னும் ஒரு நாள் தவறினால் போய்விடப் போகிற இடத்தைப் பற்றி, மனப்பாடம் செய்த விடையை ஒப்பிக்கிறவள் மாதிரி சொன்னாள். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். நிராகரித்துவிட்டு எழுந்திருக்கப் போகிற நேரத்தில் கடைசி நாற்காலி அசைந்தது.

"சார், அடுத்த மாசம் ஆய்வுக்குழு வருது" என்றார் ஆலோசகர். "நாலு வருஷத்துல எத்தனை பேருக்குச் சுமை குறைச்சீங்கன்னு கேட்பாங்க. ஒரு ஆளையாவது காட்டணும்."

தலைவர் சின்னவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஐந்து நிமிடத்தில் அவளுடைய மனு 'கொள்கை அளவில்' ஏற்கப்பட்டது. பெற்றோர் ஒருவர் நேரில் வந்து பதினோராம் பக்கத்தில் கையெழுத்திட்ட நொடியிலிருந்து அமலுக்கு வரும்.

"சேரும்போது யார் கையெழுத்துப் போட்டது?"

"அப்பா சார்."

"அப்ப அவரேதான் வரணும். நீ எப்படி இப்ப என் வகுப்பை விட்டுட்டு இங்க வந்த?"

"நீங்க கூப்பிட்டீங்க சார்."

"சரி, நானும் இங்கதானே இருக்கேன். களப்பயிற்சின்னு போட்டுக்கறேன்" என்றார் தலைவர் பெருந்தன்மையாக.

வியாழன் காலை பதினோரு மணிக்கே சின்னவள் அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வீடு பல்கலைக்கழகத்துக்குப் பின்தெருதான். கையெழுத்துப் போட ஒரு நிமிடம். பன்னிரண்டு மணிக்குள் முடிந்தால் இரண்டு மணிப் பயிற்சிக்குத் தாராளமாகப் போய்விடலாம். ஆறாவது பாடமும் அதோடு ஒழியும்.

நிர்வாகக் கட்டடத்து லிஃப்ட் இரண்டிலும் நாலிலும் நிற்கும். மூன்றில் நிற்காது. நாலாம் மாடிக்குப் போய், நாற்காலியை அங்கே விட்டுவிட்டு, அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருபத்திரண்டு படி இறங்கினார். கவுன்ட்டரை அடைந்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டி, 'உணவு இடைவேளை' பலகை மாட்டியிருந்தது. ஒன்றேகாலுக்குக் கிளார்க் வந்தார். அப்பாவைப் பார்த்ததும் தன் நாற்காலியையே எடுத்து வெளியே போட்டு உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். பிறகு, சேர்க்கையின்போது அப்பா போட்ட கையெழுத்தை எடுத்துப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார்.

சின்னவள் அப்பாவின் வலது கை விரல்களுக்கு நடுவே பேனாவைச் சொருகினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு எழுதினார். பேனா வரியை விட்டு இறங்கி, கட்டத்தைத் தாண்டி, பக்கத்தின் விளிம்பு வரைக்கும் போய் நின்றது.

கிளார்க் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "பொருந்தலையேம்மா."

"அவருதான் மேடம். உங்க எதிர்லதானே போட்டாரு."

"போட்டது அவருதான். எனக்குத் தெரியுது. கையெழுத்துக்குத் தெரியலையே."

"கைநாட்டு வெச்சுட்டா?" என்றார் அப்பா.

"எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க வைக்கக் கூடாதுங்க. அப்ப இவ்வளவு அழகாப் போட்டிருக்கீங்களே. இதே மாதிரி ஒண்ணு போட்டா போதும். உங்க கைதானே."

"அந்தக் கை வேற மேடம்" என்றார் அப்பா.

இன்னும் ஆறு முறை போட்டார். ஒவ்வொரு முறையும் கிளார்க் நம்பிக்கையோடு குனிந்து பார்த்தார். ஏழாவது முறை அப்பாவின் நெற்றியில் வியர்வை கோத்துவிட்டது. கிளார்க் படிவத்தை மெல்ல அவர் முன்னாலிருந்து இழுத்துக்கொண்டார்.

"சிரமப்படாதீங்க. கை தேறினதும் வாங்க. ஃபைலை மூட மாட்டேன், இப்படியே வெச்சிருக்கேன். இப்பல்லாம் கைக்கு நல்ல நல்ல பயிற்சி வந்திருக்காம். கூட்டிட்டுப் போயிருக்கியாம்மா?"

சின்னவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது.

இருபத்திரண்டு படி ஏறி, நாலாம் மாடியில் நாற்காலியைப் பிடித்து, லிஃப்டில் இறங்கியபோது ஆஸ்பத்திரிக்கு வழியில்லை. அப்பாவை வீட்டில் விட்டுவிட்டு வரவும் வழியில்லை. தனியாக விட்டால் விழுந்துவிடுவார், ஒரு முறை விழுந்திருக்கிறார். அவள் நாற்காலியை வகுப்பறைப் பக்கம் திருப்பினாள்.

வாசலில் காவலாளி தடுத்தார். "விரல் பதிவு இல்லாதவங்க உள்ள போகக் கூடாது பாப்பா."

"எங்க அப்பா அண்ணே. விட்டுட்டுப் போக ஆளில்ல."

காவலாளி அப்பாவைப் பார்த்தார், மடியில் கிடந்த கையைப் பார்த்தார். இயந்திரத்தின் பொத்தான்களை அழுத்திக்கொண்டே, "இதுல ரெண்டுதான் கேக்குது. மாணவரா, ஆசிரியரான்னு. ஆசிரியர்னு போட்டா உள்ள வரவே மாட்டீங்கன்னு அது நெனச்சுக்கும். மாணவர்னு போட்டுடறேன்" என்றார். "எங்க, விரலை வைங்க."

வலது கட்டைவிரல் வளையவில்லை. சின்னவள் பிடித்து வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

இரண்டு இருபதுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன். மூன்றாவது முறை வரவில்லை, பெயரை எடுத்துவிட்டோம், பன்னிரண்டாவது வாரம் மறுபரிசோதனைக்கு மட்டும் வாருங்கள். "சரிங்க" என்றாள்.

தூக்கம் முதல் முறையாக முழுதாக விழித்திருந்தாள். "அங்கிள், கைக்கு என்ன பயிற்சி குடுப்பாங்க?"

"குச்சி சொருகச் சொல்லுவாங்கம்மா. களிமண்ணு மாதிரி ஒண்ணைப் பிசையச் சொல்லுவாங்க."

குச்சிக்குச் சாக்பீஸ் இருந்தது. பலகைக்கு மேசையின் பழைய மைக்கூட்டுக் குழிகள் இருந்தன. அடுத்த செவ்வாய்க்கிழமை தூக்கம் துணிக் கிளிப்புகள் கொண்டுவந்தாள். வேறொருத்தி மாவு பிசைந்து கொண்டுவந்தாள். ஏழு பேரும் முறை வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஐந்துக்கு அப்பா விரலை வைப்பார், மூன்று ஐம்பத்தைந்துக்கு விரலை வைப்பார். ஐந்து வாரம் இப்படி நடந்தது. கடைசி வாரங்களில் கட்டைவிரலை யாரும் பிடித்து வைக்க வேண்டியிருக்கவில்லை. நடுவில் ஆய்வுக்குழு வந்து போனது. அறிக்கையில், ஒரு மாணவியின் சுமை குறைக்கப்பட்டதாகவும் இது மற்றவர்களுக்கு முன்மாதிரி என்றும் எழுதியிருந்தார்கள். சின்னவள் அதை அறிவிப்புப் பலகையில் படித்துவிட்டு வகுப்புக்குப் போனாள்.

பன்னிரண்டாவது வாரம் பயிற்சிப் பெண்மணி அப்பாவின் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளிப்பை அழுத்தச் சொன்னார். அழுத்தினார். சட்டைப் பொத்தான் போடச் சொன்னார். நேரம் எடுத்துக்கொண்டு போட்டார். ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்தார். அது கையில் கொஞ்ச நேரம் நின்று, சுழன்று, கீழே விழுந்தது.

"யார் குடுத்தாங்க பயிற்சி?"

"க்ளாஸ்ல" என்றாள் சின்னவள்.

"பரவாயில்ல, கொஞ்சம் வந்திருக்கு. இங்க மெஷின்ல ஒழுங்காப் பண்ணியிருந்தா இன்னும் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் அட்டையில் ஏதோ எழுதி மூடினார். அப்பா ஸ்க்ரூ டிரைவரை இடது கையால் பொறுக்கி மேசைமேல் வைத்தார்.

வீட்டுக்கு வந்தபோது கதவிடுக்கில் ஒரு கடிதம் இருந்தது. பல்கலைக்கழக முத்திரை. சின்னவள் தன் பெயருக்குத்தான் என்று நினைத்துப் பிரித்தாள். அப்பாவின் பெயருக்கு வந்திருந்தது.

'அன்புள்ள மாணவரே, தாங்கள் இந்தப் பருவத்தில் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் பதிவு பெற்று, நூறு விழுக்காடு வருகை தந்திருக்கிறீர்கள். பாராட்டுகள். எனினும் முழு நேர மாணவருக்கு ஆறு பாடங்கள் கட்டாயம். தங்களின் பாடச் சுமை மிகக் குறைவாக உள்ளதால், அடுத்த பருவத்துக்கு மேலும் ஐந்து பாடங்களைச் சேர்த்து, இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டுத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.'

அம்மா சமையலறையிலிருந்து வந்து எட்டிப் பார்த்தாள். "இது என்ன கூத்து? கிழிச்சுப் போடு."

அப்பா கடிதத்தை வாங்கி, மடியில் வைத்து, கடைசி வரி வரை படித்தார். அன்றைக்கு ஏணியிலிருந்து இறங்கி உட்கார்ந்தபோது இருந்த முகம்தான்.

"அஞ்சு பாடமா? காலைலயும் இருக்குமா?"

"காலைலயும் இருக்கும்ப்பா."

"சரி, குடு" என்றார். "எனக்கு இனிமே வேற என்ன வேலை?"

அம்மா உள்ளே போய்விட்டாள். பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. சின்னவள் படிவத்தை நிரப்பினாள். ஒரே பக்கம். அப்பா பேனாவைத் தானாகவே பிடித்துக்கொண்டார்.

மறுநாள் கவுன்ட்டரில் கிளார்க் அதை வாங்கி, ஒரு பார்வை பார்த்து, சீல் குத்தித் தட்டில் போட்டார். வரியை விட்டு இறங்கி ஓரம் வரைக்கும் போயிருந்த அந்தக் கையெழுத்தை யாரும் எதோடும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.